ஒரு செட்டு மாத்திரை

தேவனாம்பட்டினத்தில் ஜோதிலட்சுமியைப் போல ஒரு வாயாடியைப் பார்க்க முடியாது. அப்படிப்பட்டவள் இரண்டு மாதமாகத் தெருவுக்கே வருவதில்லை. பள்ளிக்கூடம் விட்டால் நேரே வீடுதான். அவளிடம் ஒரு ரகசியம் இருந்தது. யாராவது ஒரு வார்த்தை கேட்டால் போதும், மொத்தத்தையும் கொட்டிவிடுவாள். அந்தப் பயம்தான்.

ரகசியம் அப்பாவுடையது. கால் உடைந்து, மாவுக்கட்டோடு படுத்தே கிடந்ததில் அவர் காலுக்குள் ரத்தம் உறைந்து கட்டிவிட்டது. சிதம்பரத்து டாக்டர் தினமும் போட ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"இருக்கிற கட்டி பெருசாகாம, புதுசா கட்டாம இது பாத்துக்கும். கட்டி நுரையீரலுக்குப் போயிட்டா உயிருக்கே ஆபத்து. அதனால நாள் தவறாம போடணும். ஆனா வெட்டுப்பட்டா ரத்தம் சட்டுனு நிக்காது. வலி மாத்திரைய நீங்களா கடையில வாங்கித் தின்னுடாதீங்க. வயித்துக்குள்ளயே ரத்தம் கசியும்" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது அப்பா சொன்னார். "யார்கிட்டயும் சொல்லாத பாப்பா. தெரிஞ்சா சுப்பராயலு மச்சான் அவரு போட்டுல மீன் புடிக்க ஏத்த மாட்டாரு."

கால் சரியானதும் அவர் மறுபடி கடலுக்குப் போக ஆரம்பித்தார். அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் வரும். அம்மாவிடமும் மூச்சு விடக் கூடாதாம். ஜோதி தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்பா கையில் தூண்டில் முள் குத்தியிருக்குமோ, கத்தி பட்டிருக்குமோ என்றே நினைப்பு ஓடும். சொல்லி அழ ஆளில்லை. வழக்கமாக வரும் பூனைகூட வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டது.

ஒருநாள் அப்பாவுக்குப் பல்வலி வந்து கன்னம் வீங்கிவிட்டது.

"மெடிக்கல்ல ஒரு செட்டு வாங்கியா."

செட்டு என்றால் அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். எந்த வலி என்று சொன்னாலும் சரி, கடைக்காரர் நாலைந்து மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுவார்.

"டாக்டர் வேணாம்னாருப்பா."

"ஒரு வேளைக்குத்தான? ஒண்ணும் ஆவாது, போ."

போதாத காலம், கடையில் சுப்பராயலு மாமாவே நின்றிருந்தார். கடைக்காரர் காகிதத்தை மடித்து நீட்டினார்.

ஜோதி கையை நீட்டவில்லை. சொன்னால் அப்பாவுக்கு வேலை போய்விடும். சொல்லாவிட்டால்? வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கசியும் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது.

"அண்ணே, எங்கப்பா ரத்தம் கட்டாம இருக்க தினமும் மாத்திரை போடுறாரு. இது அவருக்கு ஆவுமா?"

கடைக்காரர் கையை இழுத்துக்கொண்டார். "ஆவவே ஆவாது. நல்லவேளை சொன்ன. அத எழுதிக் குடுத்த டாக்டர கேக்காம பல்லக்கூட புடுங்கக் கூடாது."

சுப்பராயலு மாமா அவளையே பார்த்தார். ஜோதி அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினாள்.

அப்பாவிடம் சொல்லி முடிப்பதற்குள் மாமா வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஏன்டா அன்பரசு, நடுக்கடல்ல உனக்கு ரத்தம் நிக்காம போயிருந்தா, இந்தப் புள்ள மூஞ்சில நான் எப்படிடா முழிப்பேன்?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "போட்டுத் தொழில வுட்டா எனக்கு வேற என்ன தெரியும் மச்சான்?"

"டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் கரையில நின்னு மீன் ஏலம் கூறு. அது போதும். இப்ப சட்டைய மாட்டு, சிதம்பரம் போவலாம்."

வீக்கம் வடிந்த பிறகு அப்பா ஏலம் கூறப் போனார். அந்த முதல் நாள் காலை ஜோதி வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். கரையிலிருந்து அவர் குரல் தெருக்கோடி வரை கேட்டது.

வாயில் நுரையோடு வாசலுக்கு ஓடினாள். "எங்கப்பாதான் கத்துறாரு" என்று போகிற வருகிற எல்லாரிடமும், யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு நின்றாள்.