கேப்டன் பான்சிட்டின் ரோஜா நிற உடை

எங்கள் டோண்டோ சந்தில் சினிமா எடுத்த அந்த மூன்று வாரமும் ஒரு வீட்டிலும் நேரத்துக்குச் சோறு வேகவில்லை. எல்லாரும் வேடிக்கை பார்க்கப் போய்விட்டார்கள். உலகத்துக்கே தெரிந்த ஒரு பறக்கும் வீரனைக் கேலி செய்யும் பாட்டுப் படம் அது. நாயகன் பெயர் கேப்டன் பான்சிட். ஒரு தட்டு பான்சிட் நூடுல்ஸ் உள்ளே போனால்தான் அவருக்குப் பலம் வரும். வெள்ளை உடை, சிவப்பு அங்கி, உடைக்கு மேலே ஜட்டி, அதற்கும் மேலே தொப்பை.

அந்த உடையைத் துவைக்கும் வேலை எங்கள் சந்துச் சிறுமி சாலிங்கின் அம்மா பெலிசாவுக்குக் கிடைத்திருந்தது. படம் நல்லபடி முடிந்தால் ஸ்டூடியோவிலேயே நிரந்தர வேலை என்று சொல்லியிருந்தார்கள். அம்மா அதைத் தினமும் பத்துப் பேரிடமாவது சொல்லிவிடுவாள்.

சனிக்கிழமை அம்மா சந்தைக்குப் போனபோது, பத்து வயது சாலிங்குக்கு உதவி செய்யும் ஆசை வந்தது. உடையையும் அங்கியையும் ஒரே தொட்டியில் ஊறவைத்தாள். அரை மணி கழித்துத் தூக்கிப் பார்த்தால் வெள்ளை உடை ரோஜா நிறமாகியிருந்தது. சோப்புப் போட்டு வெயிலில் விரித்தும் பார்த்தாள். சாயம் போவதாக இல்லை.

சாலிங்குக்கு அழுகை முட்டியது. இருப்பதே ஒரு உடைதான். பாதிப் படம் வெள்ளையில் எடுத்தாகிவிட்டது. பழி அம்மா தலையில்தான் விழும்.

உடையைச் சுருட்டிக்கொண்டு படப்பிடிப்புக்கு ஓடினாள். கேப்டனாக நடிக்கும் பெனோங் மாமா பனியனோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டைரக்டர் கிராசியானோ.

"நான்தான் பண்ணேன். அம்மாவுக்குத் தெரியாது" என்று உடையை நீட்டினாள் சாலிங்.

டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். வெள்ளையாகப் பறந்தவன் ரோஜாவாக இறங்கினால் ஊர் சிரிக்கும் என்று புலம்பினார்.

சாலிங் கொஞ்சம் யோசித்தாள். "கேப்டனுக்கு யாரு சார் துணி துவைக்கிறது?"

"என்னது?"

"தினமும் சண்டை போடுறாரு. அழுக்காகுமில்ல? ஒரு நாள் அவரே துவைக்கட்டும். எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு ஊறவைக்கட்டும், என்னை மாதிரி."

முதலில் பெனோங் மாமாவின் தொப்பை குலுங்கியது. பிறகுதான் சிரிப்பு வெளியே வந்தது. "மலையத் தூக்குறவனுக்கு ஜட்டி துவைக்கத் தெரியல. இதவிட நமக்கு வேற என்னய்யா வேணும்?"

திங்கட்கிழமை தெருக்குழாயடியில் பாட்டு எடுத்தார்கள். எங்கள் சந்துப் பெண்கள் துணி அடிக்கும் கட்டையால் தாளம் போட்டார்கள். கேப்டனைத் திட்ட ஒரு நடிகை வந்திருந்தாள். அவள் கட்டையைப் பூங்கொத்து மாதிரி பிடித்திருந்தாள். இரண்டு நாளாகக் கோபத்தை அடக்கி வைத்திருந்த அம்மாவால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கட்டையைப் பிடுங்கிக்கொண்டு கேப்டன் முன்னால் போய் நின்றாள்.

"சிவப்பத் தனியா ஊறவைக்கணும்னு எத்தன வாட்டி சொல்லியிருக்கேன்? காது எங்க இருக்கு ஒனக்கு?"

கேப்டன் உண்மையிலேயே நடுங்கிவிட்டார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. டைரக்டர் அதை நிறுத்தவே இல்லை.

படம் வெளியான அன்று ஸ்டூடியோவில் விடுப்புச் சொல்லிவிட்டு அம்மா சாலிங்கைத் தியேட்டருக்குக் கூட்டிப் போனாள். சந்தே கூட வந்தது. திரையில் அம்மா அதட்டியதும் கொட்டகை முழுக்கச் சிரித்தது. சாலிங்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

இருட்டில் ஒரு கை வந்து அவள் காதை மெல்லத் திருகியது.

"நீ என்னடி சிரிக்கிற? அது ஒன்னத்தான் சொன்னேன்."