கடுகு வீசிய டயர்

கடுகின் அப்பாவிடம் அறுபது செம்மறி ஆடுகள் இருந்தன. வீட்டுக்குப் பின்னால் இருந்த பெரிய அரசுப் புல்வெளியில் அவை மேயும். மாலையில் அவற்றை எண்ணிப் பட்டியில் அடைப்பது கடுகின் வேலை. வயது பத்துதான். ஆனால் ஓர் ஆடு குறைந்தாலும் தெருவையே கூட்டிவிடுவாள்.

ஒரு திங்கட்கிழமை, புல்வெளியைக் கவனிக்கும் அதிகாரியம்மா ஜீப்பில் வந்தார். தண்ணீர்த் தொட்டியருகே இறங்கி, ஒரு கம்பி வளையத்தைத் தரையில் போட்டார். வளையத்துக்குள் எத்தனை வகைச் செடிகள் இருக்கின்றன என்று எண்ணினார். பக்கத்திலேயே இன்னும் இரண்டு முறை போட்டார்.

"மூணே மூணு வகைதான் இருக்கு. மத்ததை எல்லாம் உங்க ஆடுங்க தின்னு தீர்த்துடுச்சு. சீக்கிரமே வேலி போடப்போறோம். அப்புறம் ஆடு உள்ள வரக்கூடாது" என்றார்.

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. மேய்க்க வேறு இடம் கிடையாது.

"எல்லாத்தையும் வித்துட வேண்டியதுதான்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

கடுகுக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. தொட்டிப் பக்கம் அறுபது ஆடுகளும் தினமும் நின்று மிதிக்கிற இடம். அங்கே மூன்று வகை பிழைத்திருப்பதே பெரிய விஷயம். மற்ற இடங்களை யார் எண்ணினார்கள்?

மறுநாள் பள்ளி விட்டதும், பழைய சைக்கிள் டயர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். தம்பியும் ஒட்டிக்கொண்டான். பூக்கள் நிறைந்த ஓர் இடத்தில் டயரை வைத்து எண்ணினாள். பதினேழு வகை!

"போங்காட்டம்" என்றான் தம்பி. "பூ இருக்கிற இடமாப் பார்த்து வைக்கிறே."

கடுகுக்குச் சுருக்கென்றது. அதிகாரியம்மா ஜீப் நின்ற இடத்தில் எண்ணினார். இவள் தனக்குப் பிடித்த இடத்தில் எண்ணுகிறாள். இரண்டும் ஒன்றுதானே? நோட்டில் எழுதிய பதினேழை அடித்துவிட்டு, துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டாள். தம்பி அவளை மூன்று சுற்று சுற்றிவிட்டான். டயரை வீசினாள்.

"எங்கடா விழுந்துச்சு?"

"ஆட்டு மேல."

"அது கணக்குல வராது. எடுத்துட்டு வா."

மூன்று நாள் வீசினார்கள். தொட்டிப் பக்கம் மூன்று வகைதான். ஆடுகள் மேய்ந்தபடியே நகர்ந்து போகிற நடுவெளியில் பத்து, பன்னிரண்டு. மோட்டார் அறைக்குப் பின்னால், ஆடே நுழையாத மூலையில் நிறைய இருக்கும் என்று நினைத்தாள். அங்கே நான்குதான். ஒரே வகைப் புல் இடுப்பளவு வளர்ந்து, சின்னச் செடிகளுக்கு வெயிலே கிடைக்காமல் மறைத்திருந்தது.

வெள்ளிக்கிழமை வேலிக்கு அளவெடுக்க வந்த அதிகாரியம்மாவிடம் கடுகு நோட்டை நீட்டினாள்.

"தொட்டிப் பக்கம் நீங்க சொன்னது சரிதான் மேடம். மத்த இடத்தையும் கண்ணைக் கட்டிட்டு எண்ணிப் பாருங்க."

அவர் நோட்டை இரண்டு தடவை படித்தார்.

"அந்தத் துண்டைக் குடு" என்றார்.

ஒரு மணி நேரம் வீசி எண்ணிய பிறகு, "நான் ஜீப்பை விட்டுத் தள்ளியே போகலை" என்று ஒப்புக்கொண்டார். "சரி, தொட்டிப் பக்கம் மட்டும் வேலி போடட்டுமா?"

"ஆடு தண்ணி குடிக்கணுமே மேடம். தொட்டியை நகர்த்திட்டே இருக்கலாம். பத்து நாளைக்கு ஒரு இடம்."

"ஆறு மாசம் பார்ப்போம். சரியா வரலைன்னா வேலிதான்."

தகரத் தொட்டியை நகர்த்துவதற்குள் அப்பாவுக்கு இடுப்பு விட்டுப்போகும். ஆடுகளோ முதல் இரண்டு நாள் பழைய இடத்திலேயே போய் நின்று எல்லாரையும் முறைத்தன.

ஆறு மாதம் கழித்து, முதலில் தொட்டி இருந்த அதே இடத்தில் கடுகு கண்ணைக் கட்டிக்கொண்டு டயரை வீசினாள். அதிகாரியம்மா மண்டியிட்டு எண்ணினார். பிறகு தன் நோட்டில் 'வேலி' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மாலையில் பட்டி வாசலில் அப்பா கேட்டார், "எத்தனை?"

"ஒன்பது வகைப்பா."

"அதைக் கேட்கலை. ஆட்டைக் கேட்டேன்."

"அறுபத்து நாலு. புதுக் குட்டிங்களையும் சேர்த்து."

அப்பா சிரித்தபடி பட்டிக் கதவைச் சாத்தினார்.