உறங்குத பிள்ளை

பெயிண்ட் காயவில்லை.

அது சித்திரை மாசம். துவைத்த வேட்டியைக் கொடியில் போட்டுத் திரும்புவதற்குள் மொடமொடத்துப் போகும் கரிசல்காட்டு வெயில். அதில், மூன்று நாளைக்கு முன் தீட்டிய இரண்டு கண்கள் இன்னும் ஈரமாக மினுங்கின. கண்ணுசாமி சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்தான். விரலில் வர்ணம் ஒட்டவில்லை. ஆனால் விரல் நனைந்திருந்தது.

எட்டயபுரம் சாலையில், பஞ்சு மில் நடத்திய வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன பங்களாவை மியூசியமாக்கிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை திறப்பு விழா. நீள நீளமாக மூன்று ஹால். சுவரெல்லாம் துரை கப்பலில் கொண்டுவந்த, முந்நூறு வருஷத்துக்கு முந்திய ஐரோப்பியப் படங்கள். கழுத்தைச் சுற்றி வெள்ளைச் சுருக்குத் துணி கட்டிய தாடிக்காரர்கள், காலைக் கட்டித் தொங்கவிட்ட முயல், எலுமிச்சம்பழத்தைப் பாதி உரித்துவிட்டு யாரோ எழுந்துபோன சாப்பாட்டு மேசை. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே இருட்டு. இம்புட்டு இருட்டை எந்தக் கடையில்தான் வாங்கினார்களோ என்று முதல் நாள் கேலி பேசியவன்தான் கண்ணுசாமி.

தீப்பெட்டி லேபிளுக்குப் படம் போடுவதில் கோவில்பட்டியில் பேர் வாங்கியவன் அவன். கோயில் பொம்மைகளுக்கு வர்ணம் பூசவும் போவான். இங்கே படச் சட்டங்களுக்கு பெயிண்ட் அடிக்கத்தான் கூப்பிட்டிருந்தார்கள். ஆனால் மூன்றாவது ஹாலின் கோடியில் இருந்த படத்தை அவனால் சும்மா விட முடியவில்லை. வெள்ளைக் கவுன் போட்டு, நெஞ்சில் பூ வைத்துப் படுத்திருக்கும் ஏழெட்டு வயதுப் பெண்பிள்ளை. கண்கள் மூடியிருந்தன. அவன் தொழிலில், கண் திறக்காத படம் முடியாத படம். வரைந்தவன் காய்ச்சலில் விழுந்து பாதியில் விட்டிருப்பான் என்று நினைத்தான். கூட வந்திருந்த மகள் ஐஸ்வர்யாவை எதிரே நிறுத்தி, அவள் பழுப்புக் கண்களைப் பார்த்து அப்படியே தீட்டினான். கோயிலாக இருந்தால், முதல் பார்வை யார் மேலும் விழக்கூடாதென்று, கண் திறக்கும்போது எதிரே ஆளை நிற்க விடமாட்டான், கண்ணாடியைத்தான் காட்டுவான். வெள்ளைக்காரன் படத்துக்கு அதெல்லாம் எதற்கு என்று இருந்துவிட்டான்.

மறுநாளே ஐஸ்வர்யாவுக்குப் பார்வை மங்கியது. தட்டில் இருந்த சோற்றைக் கை துழாவியது. நேற்று வாசல் நிலையில் முட்டிக்கொண்டாள். கண்ணில் கோளாறே இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருப்பது ஒரே பிள்ளை. அவளை வீட்டில் விட மனசில்லாமல் இன்றும் கூட்டிவந்து, ஹால் நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்திருந்தான்.

மியூசியத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹாரூன் பாய் ஒரு கடிதத்தோடு வந்தார். படங்களைப் பற்றிய விவரம் மெட்ராஸிலிருந்து வந்திருந்ததாம்.

"அண்ணாச்சி, இது உறங்குத பிள்ளை இல்ல," என்றார். "செத்ததுக்குப் பெறவு, பெட்டியில வைக்கதுக்கு முந்தி வரைஞ்சிருக்காவ. அவிய ஊருல அப்படி ஒரு வழக்கமாம்."

சொல்லிவிட்டுப் படத்தைப் பார்த்தவர், அப்படியே நின்றார். "கண்ண யாரு தொறந்தது?"

கண்ணுசாமி மகளைத் திரும்பிப் பார்த்தான். பாய் அவன் முகத்தையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, டெலிபோன் செய்ய ஆபீஸுக்கு ஓடினார். செருப்புச் சத்தம் இரண்டு ஹாலையும் கடந்து தேய்ந்தது. அதற்குப் பிறகு ஹாலில் வவ்வால் புழுக்கை வாடையும், வார்னிஷ் நெடியும், அவற்றுக்கு அடியில் வாடிய மாலையின் வாடையும் மட்டும் இருந்தன. அங்கே மாலை எதுவும் இல்லை.

படத்தின் கண்கள் நகர்ந்தன.

அவனைத் தாண்டிப் பார்த்தன. ஸ்டூலை.

டர்பன்டைன் டப்பாவைத் திறந்தான். அவசரத்தில் பாதி தரையில் கொட்டியது. பழந்துணியை நனைத்து இடது கண்ணை அழுத்தித் துடைத்தான். வர்ணம் கரைந்தது. அடியில் பழைய இமை, மூடியபடி. மிச்சமிருந்த கண் அவன் பக்கம் திரும்பியது. ஊசி போட வரும்போது ஐஸ்வர்யா அவனைப் பார்க்கும் பார்வை. வேண்டாம் என்று கெஞ்சும் பார்வை. அவன் கை ஒரு கணம் தயங்கியது.

ஏமாற்றுகிறது. செத்தது ஏமாற்றுகிறது.

துடைத்தான்.

இரண்டு இமைகளும் மூடிவிட்டன. படம் வெறும் படமாகக் கிடந்தது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்று தரையில் உட்கார்ந்தான்.

"எப்பா," என்றாள் ஐஸ்வர்யா, பின்னாலிருந்து. "எதுக்கு சன்னல எல்லாம் அடைச்சிட்டிய?"

பன்னிரண்டு மணி வெயில் ஹால் முழுக்க அடித்துக்கொண்டிருந்தது. அவன் திரும்பினான். அவள் ஸ்டூலை விட்டு இறங்கி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டித் துழாவியபடி அவனை நோக்கி வந்துகொண்டிருந்தாள். மூடியிருந்த இமைகளுக்கு அடியிலிருந்து பழுப்பு வர்ணம் கசிந்து, கன்னத்தில் இறங்கி, சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது.