கன்னையா வீட்டுக் கதவு

சத்தியவேடு பக்கத்தில் மூடிப்போன பள்ளிக்கூடம் ஒன்றை ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து அருங்காட்சியகமாக நடத்தி வந்தார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. சாவி, மாந்தோப்பு வைத்திருந்த கோவர்த்தனனிடம் இருக்கும். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்த ரூபா, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கூட்டித் துடைப்பாள். வருகிறவர்களுக்குக் மாடு கட்டிக் கிணற்று நீர் இறைத்த கவலைச் சால், வெல்லம் காய்ச்சிய கொப்பரை எல்லாவற்றையும் சுற்றிக் காட்டுவாள்.

அந்த ஐப்பசியில் ஒரு கதவு வந்து சேர்ந்தது. சாலையை அகலப்படுத்தக் கன்னையா என்ற பெரியவரின் வீட்டை இடித்தார்கள். அவர் வாசல் கதவை நிலையோடு பெயர்த்துக் கொடுத்துவிட்டுப் புத்தூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நல்ல தேக்கு; நிலையில் கிளிகள் செதுக்கியிருந்தன. கடைசி அறையில் சுவரோடு ஒட்டி நிறுத்தி, விழாமலிருக்க இரும்புப் பட்டை அடித்தார்கள். கதவைத் திறந்தால் வெறும் சுவர்தான்.

அடுத்த ஞாயிறு மதியமே இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. கரண்ட் போனது. ரூபா தனியாக இருந்தாள்.

டொக். டொக்.

வெளியே போய்ப் பார்த்தாள். யாருமில்லை. மழை மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

மறுபடியும் தட்டல். கடைசி அறையிலிருந்து.

அறைக்குள் ஆற்றுச் சேற்றின் வாடை அடித்தது. ரூபா கதவில் உள்ளங்கையை வைத்தாள். பலகை ஜில்லென்றிருந்தது. அவள் கைக்கு நேராக, அந்தப் பக்கமிருந்து தட்டல் விழுந்தது.

"நைனா."

இளைஞன் ஒருவனின் குரல். குளிரில் பல் தந்தியடிக்கப் பேசுகிற மாதிரி.

"தொற நைனா."

ரூபா வெளித்தாழ்வாரத்துக்கு ஓடிவந்து கோவர்த்தனனுக்குப் போன் போட்டாள். அவர் நனைந்துகொண்டே வந்தார். அவருக்கும் கேட்டது.

"கழட்டி அனுப்பிடலாம்மா," என்றார் மெதுவாக. "புள்ளைங்க வர்ற எடம் இது."

"குடுத்தவர ஒரு வார்த்த கேக்கலாம்ணா," என்றாள் ரூபா.

விஷயத்தைச் சொன்னதும் கன்னையா அடுத்த மழை நாளில் பஸ் பிடித்து வந்துவிட்டார். நடக்கவே சிரமப்பட்டார்.

"எம் பையன்மா. சிரஞ்சீவின்னு பேரு," என்றார். "ஆரணியாத்துல வெள்ளம் வந்த அன்னிக்கி, மாட்ட அவுத்து உட்டுட்டு வந்துர்றேன்னு போனான். மாடுங்க வந்துச்சி."

நிலையில் செதுக்கிய கிளியை விரலால் தடவினார்.

"ஒடம்பு கெடைக்கல. மழ வந்தா தட்டுவான். தொறப்பேன். யாரும் இருக்கமாட்டாங்க, ஆனா தட்றது நின்னுடும். ஊடு போனா அவனும் போயிடுவான்னு நெனச்சிக்கினுதான் குடுத்தேன்."

அப்போது தட்டல் கேட்டது. பெரியவர் தாழ்ப்பாளை நீக்கித் திறந்தார். சுவரில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"வா கண்ணு. உள்ள வா."

தட்டல் நின்றது.

பிறகு மேகம் கறுத்தாலே புத்தூரிலிருந்து கிளம்பி வந்துவிடுவார். மகள் எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை. கதவை அனுப்புகிற பேச்சைக் கோவர்த்தனன் எடுக்கவே இல்லை.

கார்த்திகையில் மகளிடமிருந்து போன் வந்தது. பெரியவர் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அந்த ஞாயிறும் மழை.

தட்டல் தொடங்கியது. ரூபா தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தாள். தட்டல் நிற்கவில்லை. திறந்த கதவுக்குள், வெறும் சுவரிலிருந்து கேட்டது.

"நைனா. நைனா."

கோவர்த்தனன் அவள் தோளைத் தொட்டார். "வந்துடும்மா. போயிடலாம்."

ரூபா அசையவில்லை. எத்தனை நேரம்தான் ஒருவன் மழையில் நின்றுகொண்டிருப்பான்?

"சிரஞ்சீவி," என்றாள். "நைனா இல்லப்பா. தவறிட்டாரு. கடேசி வரைக்கும் உன்னத்தான் பாத்துக்கினு இருந்தாரு."

சத்தம் அடங்கியது.

பிறகு அழுகை கேட்டது. வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுகிற ஆண்பிள்ளையின் அழுகை. மழை விடும்வரை அது ஓயவில்லை. கோவர்த்தனன் தாழ்வாரத்தில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் எத்தனையோ மழை பெய்தது. கதவு பேசவில்லை.

"அப்பன்கிட்ட போய்ச் சேந்துட்டாம்மா," என்றார் கோவர்த்தனன். ரூபாவும் அப்படித்தான் நம்ப விரும்பினாள்.

சித்திரையில் ஒரு சாயங்காலம் கோடை மழை இறங்கியது. ரூபா வேலையிலிருந்து வந்து, மூன்றாவது மாடியில் தன் வாடகை அறையில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கீழே கேட் பூட்டியிருந்தது, பூட்டியது அவள்தான்.

டொக். டொக்.

அவள் அறைக் கதவில்.

ஆற்றுச் சேற்றின் வாடை உள்ளே வந்தது.

"அக்கா."

ரூபா அடுப்பை அணைத்தாள். கதவருகே போய் நின்றாள். மறுபடி தட்டவில்லை, வெளியே பல் தந்தியடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

திறந்தாள். படிக்கட்டில் யாரும் இல்லை.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு வழிவிட்டு ஒதுங்கினாள்.

"வா தம்பி."

ஈரக் கால்தடங்கள் ஒவ்வொன்றாக அவளைத் தாண்டிப் போயின. அணைத்த அடுப்பின் பக்கத்தில், சூடு இன்னும் மிச்சமிருந்த இடத்தில், போய் நின்றன.