அம்மாவின் கண்ணில் ஒரு கொசு

என் அம்மாவுக்குக் கறை கண்டுபிடிக்கிற வேலை. துணி ஆலையில் வெள்ளைத் துணியை விளக்கு மேசைமேல் விரித்துப் பார்ப்பார். கறை தெரிந்த இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். அம்மா ஒட்டினால் ஒட்டியதுதான், மறுபேச்சு கிடையாது.

அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"நான் ஸ்டிக்கர் ஒட்டின பதினோரு துணில கறையே இல்லையாம். சூப்பர்வைசர் சத்தம் போடறார். என் ரெண்டு கண்ணால பாத்தேன்!"

சொல்லிக்கொண்டே காற்றில் படீரென்று கை தட்டினார்.

"என்னம்மா?"

"கொசு."

நானும் தேடினேன். கொசுவைக் காணோம். சற்று நேரத்தில் மறுபடியும் படீர். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அம்மா, சுவரைப் பாரு. கொசு எங்க இருக்கு?"

"நடுவுல."

"இப்ப ஜன்னலைப் பாரு."

"அட, அங்கயும் வந்துடுச்சே! கூடவே நூல் மாதிரி ஒண்ணு ஆடுது."

"கொசு வெளியில இல்லம்மா. உன் கண்ணுலதான் இருக்கு."

அம்மா சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரெண்டு நாளா ஓரத்துல மின்னல் மாதிரியும் வெட்டுது. யார்கிட்டயும் மூச்சு விடாதே, வாலு. தெரிஞ்சா வேலை போயிடும்."

"நான் சொல்லல. ஆனா டாக்டர்கிட்ட நீயே சொல்லணும். வா, இப்பவே போலாம்."

ஆனால் அங்கே போனதும் அம்மா என்ன சொன்னார் தெரியுமா?

"லேசா உறுத்துது டாக்டர். சொட்டு மருந்து போதும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தேன். "எல்லாத்தையும் சொல்லும்மா."

அம்மா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். மின்னல் என்றதும் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணில் மருந்து விட்டு, வெளிச்சம் காட்டி, வெகுநேரம் பார்த்தார்.

"கண்ணுக்குள்ள கூழ் மாதிரி ஒண்ணு இருக்கு. வயசாக ஆக அது சுருங்கும். அதுல மிதக்கிற துணுக்கோட நிழல்தான் உங்க கொசு. பெரும்பாலும் அதனால பயமில்ல. ஆனா உங்களுக்கு அது விழித்திரையை இழுத்து லேசா கிழிச்சிருக்கு. இன்னைக்கே லேசர் வச்சு சரி பண்ணிடலாம். தள்ளிப் போட்டிருந்தா பார்வைக்கே ஆபத்து."

அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றைக்கே லேசர் வைத்துக் கிழிசலைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனாலும் கொசு உடனே போகாதாம். வெள்ளையாக, வெளிச்சமாக இருக்கும் இடத்தில்தான் நன்றாகத் தெரியுமாம். நாளாக ஆகப் பழகிவிடுமாம். அதுவரை அம்மா எப்படி வேலை பார்ப்பார்? நான் யோசித்துப் பார்த்தேன்.

"துணியை மட்டும் மெதுவா இழுத்துப் பாரும்மா. கறைன்னா துணியோட போகும். கொசுன்னா போகாது."

ஒரு வாரம் கழித்து அம்மா ஆலைக்குப் போனார். சாயங்காலம் வந்ததும் ஓடிப்போய்க் கேட்டேன்.

"சூப்பர்வைசர்கிட்ட சொன்னியா?"

"ஒண்ணுவிடாம சொன்னேன். இழுத்துப் பாத்தே ஒட்டச் சொல்லிட்டார். வேலைக்கு ஒண்ணும் ஆகல." அம்மா கொஞ்சம் தயங்கினார். "அவருக்கும் நேத்துலேருந்து மின்னல் வெட்டுதாம். பயந்துகிட்டு யார்கிட்டயும் சொல்லலையாம்."

"ஐயையோ! அவரை உடனே டாக்டர்கிட்ட போகச் சொல்லும்மா!"

"சொன்னேன். தனியா போகப் பயமாம். வாசல்லதான் நிக்கிறார்."

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். ஆறடி உயரத்தில் நின்றுகொண்டிருந்த சூப்பர்வைசர், குனிந்து என் காதருகே கேட்டார்:

"ரொம்ப வலிக்குமா பாப்பா?"