நின்றுவிட்டது என்று எழுதியவள்

பட்டப்பகலில் பேய் வருமா என்று கேட்பவர்கள் அந்தக் கணிப்பொறி அறைக்குள் ஒருமுறை போய்விட்டு வரட்டும். ஜன்னலே இல்லாத நிலவறை. உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டால் பகலென்ன, இரவென்ன.

ஆராய்ச்சி மாணவி அங்கே வந்தபோது மதியம் இரண்டு மணி. உலைச் சுவரின் சூட்டைக் கணக்கிடுவதுதான் அவளுடைய ஆராய்ச்சி. சுவரைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் நான்கு பக்கத்துக் கட்டங்களின் சராசரியைப் போட வேண்டும். எண்கள் மாறாமல் நிற்கும்வரை சுற்றுச் சுற்றாக இதையே செய்ய வேண்டும். அவளுக்குக் கிடைத்த இயந்திர நேரம் நாற்பது சுற்றுக்குத்தான் போதுமானதாக இருந்தது. கடைசிச் சுற்றில் எண்கள் எறும்பு நகர்கிற அளவே நகர்ந்தன. போதாதா என்ன? 'நின்றுவிட்டது' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அதை நம்பித் தொழிற்சாலையில் கட்டிய உலையை இன்று நான்கு மணிக்குப் பற்றவைக்கிறார்கள். பற்றவைக்கப் போகிறவன் அவளுடைய சொந்த அண்ணன்.

ஆய்வேட்டுக்கு ஒரு சுத்தமான பிரதி எடுக்கத்தான் வந்திருந்தாள்.

"தனியா இருப்பீங்களா?" இயந்திரத்துக்குக் கணக்கை ஊட்டும் துளையட்டைகளை அடுக்கிக்கொண்டே மெஷின்காரர் கேட்டார். "மெஷின் வர்றதுக்கு முன்னாடி இங்க ஆறு பொம்பளைங்க கையாலயே கணக்குப் போட்டாங்க. அதை சரிபார்க்கிற அக்கா கேக்கறது ஒரே கேள்விதான். நின்னுடுச்சா? ஒருநாள் அதைக் கேக்காமலே கையெழுத்துப் போட்டுட்டாங்க. தப்பு தெரிஞ்சதும் எரியற உலையை நிறுத்தச் சொல்லத் தொழிற்சாலைக்கு ஓடினாங்க. திரும்பி வரல."

"போதும், கதை விடாதீங்க," என்று சிரித்தாள். அவர் டீ குடிக்கப் போனார்.

இயந்திரம் இரைந்தது. அச்சுப்பொறி வரிவரியாகத் தாளைத் தள்ளியது. நாற்பதாவது சுற்று முடிந்தது.

அச்சுப்பொறி நிற்கவில்லை.

நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. அட்டையில் நாற்பது என்று தன் கையாலேயே துளையிட்டிருந்தாளே! பொத்தானை அழுத்திப் பார்த்தாள். மின்சாரத்தையே நிறுத்தினாள். இயந்திரம் அடங்கியது. அச்சுப்பொறி மட்டும் இருட்டில் அடித்துக்கொண்டே இருந்தது.

எங்கிருந்தோ துணி கருகும் வாடை வந்தது.

மெஷின்காரர் மேசையில் விட்டுப்போன தீப்பெட்டியை எடுத்து, குச்சியைக் கிழித்துத் தாளைப் பார்த்தாள். நூறு. முந்நூறு. எழுநூறு. எறும்பு நகர்ந்துகொண்டேதான் இருந்தது. மூலையில் ஒரு கட்டத்தின் எண், செங்கல் தாங்கும் சூட்டைத் தாண்டிப் போயிருந்தது.

பிடரியில் அனல் பட்டது.

"நின்னுடுச்சா?"

திரும்பினாள். யாரும் இல்லை.

"இல்ல," என்றாள் அழுதுகொண்டே. "நிக்கல. நான்தான் பொய் எழுதினேன்."

அச்சுப்பொறி ஓய்ந்தது.

படிகளில் விழுந்தடித்து ஏறி அலுவலகத்துக்கு ஓடினாள். கடிகாரத்தில் மூன்று ஐம்பது. தொலைபேசியில் ஒருவழியாக அண்ணனைப் பிடித்தாள்.

"அண்ணா, பத்த வைக்காத. என் கணக்கு தப்பு. பட்டம் போனா போகட்டும், என்னை எவ்வளவு வேணா திட்டு. பத்த மட்டும் வைக்காத."

"அதான் நீ ஆள் அனுப்பிட்டியே," என்றான் அண்ணன். "ஒரு அம்மா உலைவாயை மறிச்சுக்கிட்டு நிக்கறாங்க. யாரையும் கிட்ட விடமாட்டேங்கறாங்க."

"நான் யாரையும் அனுப்பலையே, அண்ணா."

அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "கையைப் பிடிச்சு நகர்த்தப் பார்த்தேன், பாப்பா. என் உள்ளங்கை முழுக்கக் கொப்பளிச்சுப் போச்சு. உலையை இன்னும் பத்தவே வைக்கலையே."