தம்பி பெயரில் ஒரு திருட்டு

ட்ரிங்... ட்ரிங்...!

வெண்டல் ப்ரூயிட் பாய்ந்து போனை எடுத்தான். வீடு விற்கும் ஏஜென்ட் பரீட்சையில் பாஸாகி இருபது நாளாகிறது. லைசென்ஸ் வந்தால் திங்கட்கிழமை புது வேலை. வராவிட்டால் பழையபடி கோழி வெட்டுகிற தொழிற்சாலை!

"மிஸ்டர் ப்ரூயிட்? லைசென்ஸ் ஆபீஸ். உங்க பேர்ல ஒரு தண்டனை இருக்கே... 2004, மேக்கன் ஊர்ல, கார் திருட்டு. நீங்க 'குற்றம் எதுவும் இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க."

"மேடம், அது நான் இல்ல! எங்கண்ணன் ஓடெல். போலீஸ்ல மாட்டினப்போ என் பேரச் சொல்லிட்டான்!"

"எல்லாரும் அண்ணனத்தான் சொல்றாங்க, சார். திருட்டக்கூட மன்னிப்போம்... பொய்ய மன்னிக்க மாட்டோம்."

"அவனையே கேளுங்க!"

"எங்க இருக்கார்?"

"...கல்லறையில."

மறுமுனையில் பெருமூச்சு. "அப்ப ஒரே வழிதான். கைரேகை குடுங்க. அன்னிக்கு எடுத்த ரேகையோட ஒத்துப் போகலேன்னா, நீங்க சுத்தம்."

போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னான்.

"அவ்வளவுதானே? கிளம்பு!" மனைவி லத்ரீஸ் கார் சாவியை எடுத்தாள்.

"வேணாம், லத்ரீஸ். கோழி வெட்டியே பொழச்சுக்கறேன்."

"செத்தவன் செஞ்ச தப்புக்கு நீ ஏன்யா தலை குனியணும்? எவன் என்ன சொன்னாலும் தொடச்சுட்டுப் போயிடற!" சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அவனால் மறுக்கவும் முடியவில்லை... விளக்கவும் முடியவில்லை. கையைப் பிடித்து இழுத்துப் போனாள், பாவம்! ஷெரீப்பின் போலீஸ் ஆபீஸில் பத்து விரலும் பதிவாகின.

வியாழக்கிழமை காலை.

கதவு தட்டப்பட்டது. டிடெக்டிவ் ஹார்க்ரோவ்! பின்னால் இரண்டு போலீஸ்.

"வாழ்த்துகள், வெண்டல்! கார் திருட்டுல எடுத்தது உங்க ரேகை இல்ல. உங்கண்ணனேதான்."

லத்ரீஸ் துள்ளினாள். "நான் சொன்னேன்ல!"

"ஆனா மேடம்... 2009ல, சவானா ஊர்ல, ஒரு அடகுக்கடைக்காரரக் கழுத்த நெரிச்சுக் கொன்னுட்டாங்க. கல்லாப் பெட்டியில இருந்த ரேகை யாருதுன்னு தெரியாம இத்தனை வருஷம் முழிச்சுக்கிட்டிருந்தோம். நேத்து தெரிஞ்சிடுச்சு!"

வெண்டல் தலை நிமிரவில்லை. "வேணாம்னு சொன்னேனே, லத்ரீஸ்..."

அவள் பிடித்து இழுத்துப் போன அதே கை... இப்போது விலங்கில்! நின்று பார்ப்பதைத் தவிர அவளால் என்ன செய்ய முடியும்?

"அப்ப... லைசென்ஸ்?" வெண்டல் ஈனஸ்வரத்தில் கேட்டான்.

ஹார்க்ரோவ் அவன் தோளைத் தட்டினார்.

"ஊருக்கு வீடு பாக்கறது இருக்கட்டும், தம்பி. உனக்கே ஒண்ணு பாத்து வெச்சிருக்கோம். சின்ன ரூம்தான்... ஆனா காலி பண்ணுன்னு எவனும் வந்து நிக்க மாட்டான்!"